காவோலை கட்டிய வேலி

வேலிக்கு நட்ட கதியால் தடியின் தலையில் இரண்டு இலை, இளம்பச்சை, அதற்குக் கீழே இன்னும் இரண்டு விரியாமல் கைகூப்பிக்கொண்டு, அப்படித்தான் அது எனக்கு எப்போதும் வருகிறது, நான் வேலை செய்யும் கூட்டுறவுச் சங்கக்கடையில் அரிசி நிறுக்கும்போது வரும், தலையில் முதல் வாளித் தண்ணீர் விழும்போது வரும், கண்ணை மூடினால் வீடுகளுக்கு நடுவில் ஓடும் ஒழுங்கை முழுக்க வேலி தளிர்த்துக்கொண்டு போகிறது, யாருடைய வீட்டுக்கும் எல்லையில்லாத வேலி, எங்கோ ஒரு ஆடு கத்துகிறது, அக்கா நுனியில் கொக்கி கட்டிய கொக்கத்தடியைத் தோளில் வைத்துக்கொண்டு போகிறாள், போகாதே என்று நான் சொல்ல வேண்டும், வாயைத் திறக்கிறேன், சத்தம் வரவில்லை, அக்கா திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள், என்னடி, ஆட்டுக்குக் குழை வெட்டவும் உன்னட்டைக் கேக்கோணுமோ என்கிறாள், இது கனவில் அவள் சொல்வது, அன்று அவள் அப்படி ஒன்றும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது, நான் கடையில் பருப்பு மூட்டை பிரித்துக்கொண்டிருந்தேன், ஆனால் கனவு என்னைக் கடையில் விட்டுவைப்பதில்லை, இழுத்துக்கொண்டுபோய் ஒழுங்கை முடக்கில் நிறுத்திவிடுகிறது.

சண்டையில் இடம்பெயர்ந்திருந்த எங்களை ஊருக்குத் திரும்பிப் போகலாம் என்று விட்டபோது பாதி ஊரைத்தான் விட்டார்கள், மற்றப் பாதியில் ஆமி முகாம் போட்டு இருந்தது, கோயிலும் பள்ளிக்கூடமும் நல்ல தோட்டக்காணிகளும் அந்தப் பாதியில், எங்களுக்கு வந்தது கூரையில்லாத சுவரும் பற்றையும், அதுவும் போதும் என்று தை பிறக்க வந்து இறங்கினோம், வந்த அன்று ஆலமரத்துக்குக் கீழே எங்களை இருத்திவைத்து மேஜர் பேசினார், எங்கேயோ பாடமாக்கிய தமிழ், இலக்கணம் பிழையென்றாலும் விளங்கியது, எல்லை குறிச்சிருக்கு, சிவப்பு நாடா தாண்டிப் போகக் கூடாது, போனால் கண்ணிவெடி, அவ்வளவுதான், எழுந்து போய்விட்டார். சிவப்பு நாடாவைத் தேடித் தேடிப் பார்த்துத்தான் நடந்தோம், சத்தியமாக, கிணற்றுக்குப் போனாலும் விறகுக்குப் போனாலும் சிவப்பு எங்கே சிவப்பு எங்கே என்றுதான் கண் போகும், சின்னப் பிள்ளைகளுக்குச் சிவப்புச் சட்டை போடவே பயமாக இருந்த காலம் அது. எங்கள் வீட்டில் கூரையோடு வேலியையும் காணவில்லை, அக்கா இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டு, கூரை ஓட்டைக் கொண்டுபோனவன் வித்துத் தின்பான், கதியாலைக் கொண்டுபோனவன் அதை வைச்சு என்னத்தைச் செய்வான் என்று கேட்டாள், அப்போது சிரித்தோம், என்னத்தைச் செய்தான் என்று பங்குனியில்தான் தெரிந்தது.

நாங்கள் வருவதற்கு முந்திய மாரிக்கு முன்னால், எங்கள் வேலியிலும் அக்கம்பக்கத்து வேலிகளிலும் நின்ற சீமைக்கிளுவையை வெட்டி, ஒழுங்கை முடிகிற இடத்தில், கண்ணிவெடி புதைத்த நிலத்தின் விளிம்பில் ஆமிக்காரர் நட்டிருந்தார்கள், தடிக்குத் தடி சிவப்பு நாடா இழுத்து, நடுவில் ஒரு பலகையும் அறைந்து, எங்கிருந்தோ வந்தவர்கள், அவர்களுக்கு அது வெறும் தடி, எங்கள் மண்ணில் அந்தத் தடியை நட்டால் அது சும்மா நிற்காது, வேர்விடும், அதற்காகத்தானே நாங்கள் அதை வேலிக்கு நடுகிறோம் என்பதை அவர்களுக்கு யார் சொல்வது, சொல்ல ஊரில் ஒருவரும் இருக்கவில்லையே, எல்லோரையும் கலைத்துவிட்டார்களே. மாரி பெய்தது, நாடா வெயிலிலும் மழையிலும் இற்று உதிர்ந்தது, தடிகள் தளிர்த்துக் கிளைவிட்டன, பலகையை இலை மூடியது, மாசியில் ரோஸ் நிறத்தில் பூத்துக்கூட நின்றது, சொல்லவே வயிறு எரிகிறது, அவ்வளவு வடிவு, பங்குனி வெயிலில் ஊர்ப் புல்லெல்லாம் கருகிக் கிடக்க அங்கே மட்டும் வரிசையாகப் பச்சை, எங்கள் ஆட்கள் பச்சை வேலியைக் கண்டால் என்ன நினைப்பார்கள், அதற்குப் பின்னால் ஒரு வளவு, வளவுக்குள் ஒரு வீடு, கூப்பிட்டால் யாராவது ஓம் என்று வருவார்கள், இதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நடக்கத் தொடங்கும்போதே காலுக்குத் தெரியும், அக்காவின் காலுக்கும் தெரியும், அதுதான் வினையாகப் போனது. இரண்டு மறியாடுகள், ஒன்று சினை, அக்காவின் புருஷன் செத்த பிறகு அவளுக்கு அந்த ஆடுகள்தான் எல்லாம், பசியில் கத்துகின்றன, அக்கா கொக்கத்தடியால் ஒரு கொப்பை இழுத்தாள், கொப்பு முறிந்து வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்தது, விழுந்ததை எடுக்க யாரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள், இரண்டு கதியாலுக்கு நடுவில் பொட்டு, ஆள் குனிந்து நுழையும் இடைவெளி, இருந்தது, பொட்டுக்குள்ளால் குனிந்து மற்றப் பக்கம் கால் வைத்தாள்.

சத்தம் கடை வரைக்கும் கேட்டது. நான் ஓடிவந்தபோது அக்கா வேலிக்கு வெளியே கிடந்தாள், வெளியே தூக்கிவந்தது காவலுக்கு நின்ற ஒரு ஆமிக்காரர், தலை நரைக்கத் தொடங்கிய, பெரிய மீசை வைத்த ஆள், பெயர் கேட்கப் பயந்து ஊர்ப் பெண்கள் அவரை மீசை என்றுதான் சொல்வார்கள், அவர் தன் இடுப்புப் பட்டியைக் கழற்றி அக்காவின் இடது முழங்காலுக்குக் கீழே இறுக்கிக்கொண்டிருந்தார், கீழே என்றால் கீழே ஒன்றும் இல்லை, அக்காவுக்கு நினைவு இருந்தது, என்னைப் பார்த்து, ஆட்டைக் கட்டினனியோ என்று கேட்டாள், இதைத்தான் கேட்டாள், நான் ஓம் என்று பொய் சொன்னேன். ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அவர்கள்தான், அதை நான் மறைக்கவில்லை, செய்ததைச் செய்ததென்றும் செய்யாததைச் செய்யாததென்றும் சொல்லிப் பழகியவள் நான், தராசுக்கு முன்னால் நிற்கிற வேலை எனக்கு.

மேஜரைப் பார்க்கப் போனேன், தனியே போகாதே என்றார்கள், தனியேதான் போனேன், அவர் என்னைக் கூட்டிக்கொண்டு ஒழுங்கை முடிவுக்கு வந்தார், கையிலிருந்த பிரம்பால் சீமைக்கிளுவை இலைகளை ஒதுக்கினார், ஒதுக்கினால் உள்ளே பலகை, மண்டையோடு, அதன் கீழே மூன்று மொழியில் எழுத்து, அபாயம், இதற்கப்பால் செல்வோர் தமது சொந்தப் பொறுப்பிலேயே செல்கின்றனர், இந்தா பலகை இருக்குத்தானே அம்மா, நாங்க போட்டிருக்கு, பார்க்கிறது உங்கட பொறுப்பு என்றார், சேர், நீங்கள் இப்ப பிரம்பால ஒதுக்கினபடியால்தானே தெரியுது, என்ர அக்காட்டைப் பிரம்பு இல்லை, கொக்கத்தடிதான் இருந்தது என்றேன், அவர் கையை எடுத்தார், இலை திரும்ப வந்து பலகையை மூடிக்கொண்டது, நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றோம், வெட்ட ஆள் அனுப்பிறது என்று சொல்லிவிட்டு அவர் போனார். ஒருவரும் வரவில்லை.

கனவில் ஒருநாள் அக்காவின் கால் அந்த நிலத்துக்குள் நட்டபடி நிற்கிறது, மழை பெய்கிறது, கணுக்காலுக்கு மேலே இரண்டு இலை வருகிறது, நான் அலறி எழும்பினால் ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் இருக்கிறேன், வெளியே நல்ல வெயில், அக்கா கட்டிலில் முழித்துக்கொண்டு கிடக்கிறாள், என்னத்துக்கடி கத்திறாய், வெட்டினது என்ர காலையெல்லோ என்கிறாள், சிரிக்கிறாள், பிறகு சிரிக்காமல், நான்தானே போனனான், ஒருத்தரும் தள்ளிவிடேல்லை, நான்தான் குனிஞ்சு உள்ளுக்குப் போனனான் என்றாள், எனக்கு வந்த கோபம், உன்னட்டை இதைத்தான் மேஜரும் எதிர்பார்க்கிறார், ஒரு காலும் போய் அதுக்குப் பழியும் உனக்கோ என்று சத்தம் போட்டேன், நேர்ஸ் வந்து எட்டிப் பார்த்தாள், அக்கா என் கையைப் பிடித்தாள், சத்தம் போடாதை, கேள், என்ர காலுக்கு நான் பதில் சொல்லுவன், அது என்ர கால், அந்த வேலிக்கு ஆர் பதில் சொல்லுறது, நாளைக்கு இன்னொருத்தி ஆட்டோட வருவாள், அவளின்ர காலுக்கு ஆர் பதில், அதைக் கேள், போய் அதைக் கேள் என்றாள்.

ஊர்க் கூட்டத்தில் கேட்டேன், எங்கள் சங்கத் தலைவர் கதிரித்தம்பி மாஸ்டர் நல்ல மனிசன், படித்த மனிசன், அவர் எழும்பி நின்று, ஒரு இடத்தைப் பிடிச்சு வைச்சிருக்கிற ஆமிதான் அந்த இடத்துச் சனத்தின்ர உயிருக்குப் பொறுப்பு, இது உலகச் சட்டம் பிள்ளை, நாங்கள் அந்த வேலியில கைவைச்சு ஒரு அடையாளம் கட்டினமெண்டால் பொறுப்பை எங்கட தலையில ஏத்தினதாப் போகும், பிறகு இன்னொண்டு நடந்தால் நீங்கள்தானே அடையாளம் போட்டனீங்கள், அது சரியில்லை எண்டுவாங்கள், ஆனபடியால் ஒருத்தரும் தொடக் கூடாது, மனுக் குடுப்பம், பார்ப்பம் என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல் பிழையில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல், பிழையாகச் சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன், சரியாகச் சொன்ன ஆளோடு என்ன செய்வது, மனு போனது, போன இடத்தில் அது சுகமாகப் படுத்துத் தூங்கியது. வைகாசி பிறக்க இன்னும் சில குடும்பங்கள் வந்து குடியேறின, பக்கத்து வளவுக்கு ஜசிந்தா என்று ஒருத்தி வந்தாள், கடற்கரைப் பக்கத்தவள், கைப்பிள்ளைக்காரி, நிவாரணத்தில் கிடைத்த ஒரு ஆடு, நான் கடை பூட்டி வருகிறேன், அவள் இடுப்பில் பிள்ளையோடு அந்த வேலிக்கு முன்னால் நின்று ஒரு கொப்பை வளைத்துக்கொண்டிருக்கிறாள், நான் போட்ட கூச்சல் எனக்கே கேட்கவில்லை, கனவில் வராத சத்தமெல்லாம் சேர்ந்து அப்போது வந்தது போலிருக்கிறது, ஜசிந்தா கொப்பை விட்டுவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள், பச்சையா இருந்திச்சக்கா, ஆரோ வீட்டு வேலியெண்டு நினைச்சன், கேட்டிட்டு முறிப்பமெண்டு கூப்பிட்டுக்கூடப் பாத்தனான், ஒருத்தரும் வரேல்லை என்று அழுதாள், கூப்பிட்டுப் பார்த்தாளாம், யாரை, அந்த நிலத்துக்குள் இருப்பது யார், ஓம் என்று சொல்ல. அன்றைக்கே முடிவெடுத்தேன், சட்டம் சட்டமாக இருக்கட்டும், அது வரும்போது வரட்டும், அதுவரைக்கும் ஒரு பெண்ணின் காலை நான் பொறுப்பில்லாமல் விடமாட்டேன்.

காவோலை, பழுத்துக் காய்ந்து விழுகிற பனையோலை, எங்கள் ஊரில் தென்னையிலும் மாமரத்திலும் கள்ளன் ஏறாமலிருக்க அடிமரத்தைச் சுற்றிக் கட்டுவோம், தொட்டால் சரசரக்கும், காற்றடித்தாலும் சரசரக்கும், காவோலை கட்டிய மரத்தில் எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைகூடக் கைவைக்காது, இது எனது இல்லை, தொடக் கூடாது என்று அர்த்தம், பலகையும் வேண்டாம், மூன்று மொழியும் வேண்டாம், இலை எவ்வளவு தளிர்த்தாலும் அந்தச் சத்தத்தை மூடாது. மேஜரிடம் போய்ச் சொன்னேன், வேலிக்கு இந்தப் பக்கத்தில நிண்டு ஓலை கட்டப் போறன் என்றேன், அவர் ஏதோ எழுதிக்கொண்டே, கட்டுறது எண்டால் கட்டுங்க, அது உங்கட சொந்தப் பொறுப்பு என்றார், அந்தச் சொல்லை அவருக்கு யார் பழக்கினார்களோ, எங்கள் தமிழில் அவருக்கு அது ஒன்றுதான் பிழையில்லாமல் வந்தது. சரி சேர், சொந்தப் பொறுப்பு, நினைவில வைச்சிருங்கோ என்று சொல்லிவிட்டு வந்தேன். கட்டினேன், ஒவ்வொரு கதியாலாக, காலையில் கடை திறக்க முன்னம், கயிற்றை இறுக்கும்போது கை மட்டும்தான் முன்னால் போகும், காலை ஒரு சாண்கூட நகர்த்தமாட்டேன், உள்ளங்கால் வியர்த்துச் செருப்பு வழுக்கும், மீசைக்காரர் காவல் கொட்டிலில் இருந்து இறங்கிவந்து சற்றுத் தள்ளி நின்று பார்ப்பார், ஒருநாள் கிட்ட வந்து, அக்கா எப்பிடி என்றார், கால் வருது, பொய்க்கால் என்றேன், தலையாட்டினார், அண்டைக்கு உள்ளுக்குப் போனது, போகச் சொல்லி ஓடர் இல்லை, மேஜர் ஏச்சு என்றார், பிறகு ஏன் போனனீங்கள் என்று கேட்டேன், அவருக்குத் தமிழில் சொல்லக் கிடைக்கவில்லை, கையை விரித்தார், கத்தினது என்றார், அவ்வளவுதான், கத்தினாள், போனேன். அவர் திரும்பிப் போன பிறகு அந்த ஒற்றைச் சொல்லை நான் வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தேன், ஒரு படையால் சொல்ல முடியாததை அந்தப் படையில் ஒருவர் சொல்லிவிட்டாரே என்று, ஆனாலும் அவரை வைத்து மற்றவர்களை மன்னிக்க எனக்கு மனமில்லை, அவர் செய்தது அவருடையது.

சோளகம் தொடங்கியது, எங்கள் ஊர்ச் சோளகக் காற்றுத் தெரியும்தானே, மணலை அள்ளிக் கண்ணில் போடும், காவோலைகள் எல்லாம் ஒன்றாகச் சரசரத்தன, பகலிலும் சரசர, இருட்டிலும் சரசர, ஊருக்குள் சனம் அதைக் கேட்டுக்கொண்டு நிம்மதியாகப் படுத்தது, பிள்ளைகள் அந்தப் பக்கமே போகவில்லை, ஜசிந்தாவின் ஆடுகூடப் போகவில்லை, முகாமில்தான் நித்திரை போய்விட்டது, அந்தச் சத்தத்துக்குள் யார் நடந்துவந்தாலும் காவலுக்கு நிற்பவனுக்குக் கேட்காது, இதை நான் நினைத்துச் செய்யவில்லை, மெய்யாகவே அந்த நேரம் நினைக்கவில்லை, ஒரு விடியற்புறம் யாரோ பயந்து ஓலையை நோக்கிச் சுட்டுவிட்டான், ஒரு குண்டு வந்து எங்கள் சுவரில் பட்டது, கதிரித்தம்பி மாஸ்டர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார், நான் சொன்னன்தானே, தொடாதையுங்கோ எண்டு, இப்ப சூட்டையெல்லோ வீட்டுக்குக் கூப்பிட்டு வைச்சிருக்கிறியள் என்றார், எனக்குப் பயம் வந்தது, கழற்றிவிடலாமா என்று ஒரு நிமிஷம் மனம் சரிந்தது, அக்கா ஆஸ்பத்திரியால் வந்து வாசலில் கதிரையில் இருந்தாள், ஊன்றுகோல் மடியில், மாஸ்டர், அவங்கள் சுட்டது அவங்களின்ர பொறுப்பு, அதையும் இவள்தான் சுமக்கோணுமோ என்று கேட்டாள், மாஸ்டர் சாரத்தை இறக்கிவிட்டார், பிறகு, நானும் வாறன் பிள்ளை, மேஜர் கட்டாயம் கூப்பிடுவார், தனிய நில்லாதை என்றார்.

கூப்பிட்டார். போனோம். மேஜரின் கண் சிவந்து கிடந்தது, அவரும் தூங்கவில்லை போலும், அந்த ஓலை கழட்டுங்க, இண்டைக்கே, காவல் சென்றிக்கு ஒண்டும் கேக்கிறது இல்லை, ஆக்களுக்கு ஆபத்து என்றார், நான் எழும்பி நின்றேன், சேர், ஓலை கட்டினது என்ர சொந்தப் பொறுப்பு எண்டு நீங்கள்தான் சொன்னீங்கள், ஓம், என்ர பொறுப்பு, ஓலை இல்லாமல் நான் அந்த வேலியை விடமாட்டன், உங்கட ஆக்களுக்கு ஆபத்தெண்டால் நீங்கள் கழட்டுங்கோ, ஆனால் கழட்டினவுடன அந்தப் பச்சைத் தடியையும் புடுங்கிப்போட்டு இரும்பு நடுங்கோ, முள்ளுக்கம்பி அடியுங்கோ, இரும்பு எங்கட மண்ணிலையும் தளிர்க்காது, உங்கட ஆக்களின்ர காதுக்கும் நித்திரைக்கும் ஆர் பொறுப்பெண்டு உங்களுக்கு ஒரு கிழமையில விளங்கீட்டுது, என்ர அக்கான்ர காலுக்கு ஆர் பொறுப்பெண்டு பங்குனியில இருந்து கேக்கிறன் என்றேன், மாஸ்டர் எனக்குப் பக்கத்தில் எழும்பி நின்றார், சட்டம் ஒன்றும் பேசவில்லை, மேஜர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார், மேசையில் கிடந்த பிரம்பை எடுத்தார், வைத்தார், போங்க என்றார்.

இரும்பு வந்தது. லொறியில் வந்தது, முள்ளுக்கம்பிச் சுருளும் வந்தது, ஆமிக்காரர் முதலில் என் ஓலைகளைக் கழற்றினார்கள், பிறகு கதியால்களை ஒவ்வொன்றாக இழுத்தார்கள், வேர் ஓடியிருந்தபடியால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது, மீசைக்காரரும் இழுத்தார், பிடுங்கியதை ஒழுங்கையில் போட்டார்கள், நாங்கள் எல்லோரும் வந்து நின்று பார்த்தோம், அக்கா ஊன்றுகோலோடு முன்னால் போனாள், அந்தக் குவியலுக்கு முன்னால் நின்று, இது எங்கட கதியால் என்று சத்தமாகச் சொன்னாள், ஒருவரும் தடுக்கவில்லை, ஒன்றைக் கையால் காட்டினாள், எடடி, நான் எடுத்தேன். அதே பலகையைத்தான் புது இரும்பிலும் கட்டியிருக்கிறார்கள், அதே எழுத்து, தமது சொந்தப் பொறுப்பிலேயே, மேஜர் மாறிப்போனார், வேறொருவர் வந்தார், அவரும் மாறினார், ஒவ்வொருவரிடமும் வந்த கிழமையே போய்க் கேட்கிறேன், என்ர அக்கான்ர காலுக்கு ஆர் பொறுப்பு, ஒருவரும் பதில் சொல்லவில்லை, ஒருவர் தேநீர் தந்தார், குடிக்கவில்லை, இனி வருகிறவரிடமும் கேட்பேன், எனக்குச் சலிக்காது, அவர்கள்தான் மாறுகிறார்கள், நான் இங்கேதான் இருக்கிறேன்.

அந்தக் கதியாலை எங்களுக்கும் ஜசிந்தாவுக்கும் இடையிலான எல்லையில் கட்டிய புது வேலியில் நட்டோம், பிடுங்கும்போது அறுந்த வேர் பிடிக்குமோ என்று சந்தேகம், மாரி வந்தது, தலையில் இரண்டு இலை, இளம்பச்சை, கீழே இன்னும் இரண்டு கைகூப்பிக்கொண்டு, கனவில் இல்லை, நான் முழித்துக்கொண்டுதான் நிற்கிறேன், இப்போது அது கொப்பும் கிளையுமாக நிற்கிறது, அக்கா பொய்க்காலோடு கொக்கத்தடியைத் தோளில் வைத்துக்கொண்டு வருகிறாள், கொளுவி இழுக்கிறாள், கொப்பு முறிந்து ஜசிந்தாவின் வளவுக்குள் விழுகிறது, அக்கா பொட்டுக்கு முன்னால் நின்றுவிட்டாள், மண்ணைப் பார்க்கிறாள், ஆடு கத்துகிறது, அவள் மண்ணையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள், நான் எடுத்துத் தாறன் விடு என்று சொல்ல வாயைத் திறக்கிறேன், அதற்குள் அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்துக் குரல் கொடுக்கிறாள், ஜசிந்தா, இஞ்சை ஒரு கொப்பு விழுந்திட்டுது, வரட்டோ, ஓம் அக்கா, வாங்கோ என்று அந்தப் பக்கத்தில் ஒரு குரல் கேட்கிறது, அக்கா குனிந்து பொட்டுக்குள்ளால் போனாள், பொய்க்காலைத்தான் முதலில் வைத்தாள், பிறகு மற்றக் காலை.